டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையவில்லை, ஏறுகிறது. நானே ஆயில் மாற்றலாமா?

நீலவண்டி:
வணக்கம் நண்பர்களே. கைமாறி வாங்கிய டீசல் கார் ஓட்டுகிறேன். 1.5 லிட்டர், டர்போ, புகைக்குழாயில் டிபிஎஃப் (கரித்துகள் வடிகட்டி) உண்டு. வாங்கியதும் பட்டறையில் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இப்போது அதே குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி அரை சென்டிமீட்டர் இருக்கிறது. நடுவில் நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

ஆயில் எரியும், ஒழுகும், குறையும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஏறினால் என்ன செய்வது? வண்டியை ஓட்டலாமா? இன்னொன்று, அடுத்த ஆயில் மாற்றத்தை நானே செய்து பழக ஆசை. ஸ்பேனர் செட், ஜாக் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

திருப்புளி:
முதல்ல அளந்தது சரியான்னு உறுதி பண்ணிக்குங்க. வண்டி சமதளத்துல நிக்கணும். இஞ்சின் நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டிட்டு, அணைச்சுட்டு, அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. மேல ஹெட்ல இருக்கற ஆயில் கீழ இறங்கி வரணும். குச்சியை உருவி நூல் பிரியாத துணியால துடைச்சு, கடைசி வரைக்கும் அழுத்திச் செருகி, மறுபடி உருவிப் பாருங்க. முதல் தடவை உருவறப்போ தெரியற அளவை நம்பவே கூடாது. குழாய்ச் சுவத்துல ஒட்டியிருக்கற ஆயில் குச்சி மேல இழுசிக்கிட்டு வரும்.

குச்சியோட ரெண்டு பக்கமும் பாருங்க. ஒரு பக்கம் உயரமாவும் ஒரு பக்கம் தாழ்வாவும் தெரிஞ்சா, தாழ்வான பக்கம்தான் கணக்கு.

சில தயாரிப்பாளர்கள் குளிர்ந்த இஞ்சின்ல பார்க்கச் சொல்றாங்க, சிலர் சூட்டுல. கையேட்டுல என்ன இருக்கோ அதுதான். எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி பாருங்க. ஒரு நாள் காலையில குளிர்ந்து கிடக்கறப்போ, இன்னொரு நாள் அணைச்ச உடனேன்னு பார்த்தா ரெண்டு அளவையும் ஒப்பிட முடியாது.

இரட்டைச்சக்கரம்:
இடையில் ஒரு கேள்வி. ஆயில் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்தானே? அப்புறம் எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் குச்சியை உருவ வேண்டும்?

பட்டறைக்காரர்:
தம்பி, அந்த எண்ணெய்க்கிண்ணி படம் போட்ட சிவப்பு விளக்கு அளவைக் காட்டறதில்ல, அழுத்தத்தைக் காட்டுது. ரொம்ப வண்டிகள்ல அழுத்தம் அரை பாருக்குப் பக்கத்துல விழுந்தாத்தான் அது எரியும். இஞ்சின் சூடா ஐட்லிங்ல நிக்கறப்பவே சுமார் ஒரு பார் இருக்கணும். வேகமா ஓடறப்போ அதுக்கும் பல மடங்கு. அப்போ விளக்கு எரியற நேரத்துல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. சம்ப்ல, அதாவது இஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டியில, ஆயில் அவ்வளவு கீழ போயி, வளைவுல திரும்பறப்போ பம்ப் காத்தை உறிஞ்ச ஆரம்பிச்சிருக்கும். பேரிங்ல உலோகமும் உலோகமும் உரசியிருக்கும்.

எங்க பட்டறைக்கு இழுத்துக்கிட்டு வர்ற வண்டிகள்ல, விளக்கு எரிஞ்சது தெரியும், வீடு பக்கம்தானேன்னு ஓட்டிட்டு வந்துட்டேன்னு சொல்றவங்களைப் பார்க்கறப்போ மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். சிவப்பு விளக்கு எரிஞ்சா ஓரங்கட்டி அணைக்கணும். அதுக்கு மறுபேச்சே கிடையாது.

சில வண்டிகள்ல அளவுக்குன்னு தனி சென்சார் இருக்கு. மஞ்சள்ல எரியும், திரையில எழுத்தாவும் வரும். குச்சியே இல்லாத இஞ்சினும் இப்போ வருது. அதுல திரைதான் கதி. குச்சி இருக்கற வண்டியில குச்சியைப் பார்க்கறதுதான் நல்லது.

நீலவண்டி:
திருப்புளி அண்ணா சொன்னபடி பார்த்தேன். சமதளம், சூடான இஞ்சின், பத்து நிமிட இடைவெளி. அதே அளவுதான், கோட்டுக்கு மேலே. குச்சியை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறது. விரலில் தேய்த்தால் வழவழப்பு குறைவாகத் தெரிகிறது, ஆனால் அது என் பிரமையாகவும் இருக்கலாம். நிறம் கறுப்பு. பால் நிறம் எதுவும் இல்லை. கூலன்ட் தொட்டியில் அளவு குறையவில்லை.

ஓட்டுவது பெரும்பாலும் வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

மசகு_விரும்பி:
கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. விரிவாக எழுதுகிறேன், டிபிஎஃப் உள்ள டீசல் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும்.

டிபிஎஃப் என்பது கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது நிறைந்ததும் உள்ளே இருக்கும் கரியை எரித்தாக வேண்டும். அதற்குப் புகையின் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரை உயர வேண்டும். சாதாரண ஓட்டத்தில் டீசல் இஞ்சின் புகை அவ்வளவு சூடாவதில்லை. அதனால் பல இஞ்சின்களில் ஈசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒரு வேலை செய்கிறது: எரிதல் முடிந்த பிறகு, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில், இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது சிலிண்டரில் எரியாமல் புகையோடு போய், வழியில் உள்ள கேட்டலிஸ்டில் எரிந்து சூட்டைக் கிளப்புகிறது.

ஆனால் அப்படித் தெளித்ததில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இந்த எரிப்பு பத்து இருபது நிமிடத்தில் முழுதாக முடிந்துவிடும். அடுத்தது வர நெடுந்தூரம் ஆகும். சில கிலோமீட்டரில் வண்டியை அணைப்பவருக்கு அது பாதியில் நிற்கும், அடுத்த ஓட்டத்தில் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். தொடங்கும்போதெல்லாம் டீசல் இறங்கும், கரி மட்டும் தீராது.

பெட்ரோலும் ஆயிலில் கலக்கும், குறிப்பாக நேரடித் தெளிப்பு இஞ்சின்களில், குளிர் காலத்தில். ஆனால் நீண்ட ஓட்டத்தில் ஆயில் சூடானால் பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறிவிடும். டீசல் அப்படிப் போகாது. டீசலின் கொதிநிலை ஏறக்குறைய 180 முதல் 360 டிகிரி வரை. ஆயில் ஓடுவது 100 டிகிரியை ஒட்டி. உள்ளே போன டீசலில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

உங்கள் வண்டியில் கோட்டுக்குக் கீழிருந்து கோட்டுக்கு மேல் போயிருக்கிறது. பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். அந்தக் கணக்கில் உங்களுக்குக் கால் லிட்டருக்கு மேலேயே ஏறியிருக்கிறது. அதைவிட முக்கியம், இடையில் எரிந்து போன ஆயிலின் இடத்தையும் டீசல்தான் நிரப்பியிருக்கும். அதனால் உண்மையான கலப்பு குச்சியில் தெரிவதைவிட அதிகமாக இருக்கலாம். டிபிஎஃப் டீசலில் அளவு மாறாமல் நின்றால்கூட, பாதி ஆயில் எரிந்து பாதி டீசல் வந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

நெம்புகோல்:
அதிகமா இருக்கறதை ட்யூப் போட்டு உறிஞ்சி எடுத்துட்டா போதாதா? கோட்டுக்கு வந்துடுமே. ஆயில் மாத்தி அதிக நாள் ஆகலைன்னா வீணா ஏன் கொட்டணும்?

மசகு_விரும்பி:
அளவு கோட்டுக்கு வந்துவிடும், கலப்பு அப்படியேதான் இருக்கும். உறிஞ்சுவது டீசல் கலந்த ஆயிலை, மிஞ்சுவதும் டீசல் கலந்த ஆயில். 30 கிரேடு ஆயில் என்றால் 100 டிகிரியில் அதன் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரைக்குள் இருக்க வேண்டும். சில விழுக்காடு டீசல் கலந்தாலே அது கீழ் எல்லைக்கு வெளியே சரிந்துவிடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நடுவில் நிற்கும் ஆயில் படலம் மெலியும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அது மிதப்பதும் இதே ஆயிலில்தான்.

நெம்புகோல் சொன்னது வேறு ஒரு நிலைக்குப் பொருந்தும்: புது ஆயில் ஊற்றும்போதே யாராவது அதிகமாக ஊற்றியிருந்தால் உறிஞ்சி எடுப்பதே சரி.

பட்டறைக்காரர்:
ஓட்டலாமான்னு கேட்டீங்களே, அதுக்கு நேரடியா யாரும் பதில் சொல்லல. வேண்டாம். ஆயில் அதிகமானா கிராங்க் அதுல அடிச்சு நுரை கிளப்பும். நுரையை பம்ப் அழுத்திப் பேரிங்குக்கு அனுப்ப முடியாது. சீல் கசியும். டீசல்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு: கிராங்க்கேஸ் ஆவிக்குழாய் வழியா ஆயில் இன்டேக்குக்குள்ள போச்சுன்னா, இஞ்சின் அதையே எரிபொருளா எடுத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சுடும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது, வேகம் ஏறிக்கிட்டே போகும். ஒரு தடவை கண்ணால பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. அரை சென்டிமீட்டர்ல அது நடக்கும்னு சொல்ல வரல. ஆனா உங்களுது ஏறிக்கிட்டிருக்கற அளவு. ஆயில் மாத்திட்டு எடுங்க.

நீலவண்டி:
நன்றி ஐயா. வண்டியை நிறுத்திவிட்டேன். ஆயிலை நானே மாற்றப் பார்க்கிறேன். எந்த ஆயில் வாங்க வேண்டும்? கையேட்டில் 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 என்று இருக்கிறது. பழைய வண்டிதானே, கொஞ்சம் கெட்டியாக 15டபிள்யூ-40 ஊற்றினால் நல்லது என்று ஒருவர் சொல்கிறார்.

மசகு_விரும்பி:
ஏசிஇஏ என்பது ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம். அதில் சி3 என்ற எழுத்தை விடாதீர்கள். கிரேடைவிட அதுதான் உங்களுக்கு முக்கியம். ஆயில் எரிந்தால் அதன் சேர்மானங்களிலிருந்து சாம்பல் வரும். டிபிஎஃப் கரியை எரித்துவிடும், சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கி வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும். சி3 ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. டிபிஎஃப் இல்லாத வண்டிகளுக்கான ஏ3/பி4 வகையில் அது 1.6 வரை போகலாம். டப்பாவின் முன்பக்கம் இரண்டிலும் 5டபிள்யூ-30 என்றே இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள். தயாரிப்பாளரின் தனி ஒப்புதல் எண் கையேட்டில் இருந்தால் அதுவும் டப்பாவில் இருக்கிறதா பாருங்கள்.

5டபிள்யூ, 15டபிள்யூ என்பவை குளிரில் கிளம்பும்போது ஆயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதற்கு. முன் எண் சிறியதாக இருந்தால் கிளம்பிய நொடியில் மேலே வேகமாக ஏறும். குறைந்த தூரம் ஓட்டும் உங்களுக்கு அது அதிகம் தேவை.

திருப்புளி:
இப்போ வேலைக்கு வருவோம். எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு: ஜாக் மேல நிக்கற வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. ஜாக் தூக்கறதுக்கு மட்டும்தான். வண்டியைத் தாங்கறதுக்கு ஸ்டாண்ட் ரெண்டு, இல்லேன்னா ரேம்ப். கெட்டித் தரை, ஹேண்ட்பிரேக், தரையில நிக்கற சக்கரங்களுக்கு அடைப்புக்கட்டை. ஸ்டாண்ட்ல இறக்கினதும் வண்டியை நல்லா ஒரு தடவை உலுக்கிப் பாருங்க. அசைஞ்சா மறுபடி வையுங்க. ஸ்டாண்ட் இல்லேன்னா இந்த வேலையே வேண்டாம், பட்டறைக்குப் போங்க.

வாங்க வேண்டியது: ஆயில், ஃபில்டர், ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர், டார்க் ரென்ச் (குறிச்ச அளவுக்கு மட்டும் இறுக்கற ஸ்பேனர்), வடியற மொத்த ஆயிலையும் தாராளமாப் பிடிக்கற தொட்டி, புனல், நைட்ரைல் கையுறை. கையுறையை விட்டுடாதீங்க. ஓடின ஆயில்ல தோலுக்கு ஆகாத சேர்மங்கள் சேர்ந்திருக்கும்.

ஆயில் வெதுவெதுப்பா இருக்கறப்போ வடிங்க. கொதிக்கறப்போ இல்ல, முழங்கை வரைக்கும் வழிஞ்சா தோல் வெந்துடும். மேல ஊத்தற மூடியை முதல்ல திறந்துடுங்க, காத்து போனாத்தான் சீரா வடியும். போல்ட்டைக் கடைசித் திருகு வரும்போது உள்பக்கமா அழுத்திக்கிட்டே சுத்தி, சட்டுனு விலக்குங்க. முதல்ல தூரமாப் பீச்சும், அப்புறம் நேரா விழும். தொட்டியை அதுக்கு ஏத்த மாதிரி நகர்த்துங்க.

போல்ட் நுனியில காந்தம் இருந்தா பாருங்க. சாம்பல் நிறத்துல களிம்பு மாதிரி இருந்தா இயல்பு. விரல்ல குத்தற மாதிரி சில்லு இருந்தா இங்க படம் போடுங்க.

திரும்பப் போடறப்போ போல்ட்டைக் கையாலயே பல சுத்து ஏத்துங்க. கையால ஏறலேன்னா மரை சரியாப் பிடிக்கலைன்னு அர்த்தம், ஸ்பேனரால கட்டாயப்படுத்தாதீங்க. நிறைய சம்ப் அலுமினியம், மரை கழண்டா சம்ப்பையே மாத்த வேண்டி வரும். கையேட்டுல இருக்கற நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சை வெச்சு இறுக்குங்க. பழைய வாஷரே நல்லாத்தான் இருக்குன்னு தோணும், ஆனா அது ஏற்கெனவே நசுங்கினது. புதுசு போடுங்க.

உங்க ஃபில்டர் எந்த வகைன்னு பாருங்க. டப்பா மாதிரி முழுசாக் கழட்டறதா இருந்தா, பழைய ரப்பர் வளையம் இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருக்கான்னு கட்டாயம் பாருங்க. அது மேலயே புது ஃபில்டர் ஏறினா ரெண்டு வளையமாயிடும், கிளம்பின கொஞ்ச நேரத்துல அழுத்தத்துல பிதுங்கி மொத்த ஆயிலும் தரையில போயிடும். புது வளையத்துல கொஞ்சம் புது ஆயில் தடவி, வளையம் உட்கார்ந்ததுக்கு அப்புறம் கையால முக்கால் சுத்து. ஃபில்டர் மேலயே எழுதியிருப்பாங்க. காகித உறை மட்டும் மாத்தற வகைன்னா மூடியில இருக்கற ஓ-ரிங்கையும் மாத்தணும், அதே பள்ளத்துல.

ஊத்தறப்போ கையேட்டு அளவை மொத்தமா ஊத்திடாதீங்க. கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க. கிளப்பி, விளக்கு அணையற வரைக்கும் ஆக்சிலரேட்டரைத் தொடாம ஐட்லிங்ல விடுங்க. அடியில கசிவு பாருங்க. அணைச்சு, காத்திருந்து, குச்சியைப் பாருங்க. ஃபில்டர் நிறைஞ்சதால கீழ இறங்கியிருக்கும். அப்போ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

இரட்டைச்சக்கரம்:
பைக்கில் இதே முறைதானா?

திருப்புளி:
பெரும்பாலும். பைக்கை நேரா நிமிர்த்திப் பார்க்கணும், பக்கவாட்டு ஸ்டாண்ட்ல சாய்ச்சு இல்ல. திருகு வெச்ச குச்சின்னா, திருகிப் பார்க்கணுமா சும்மா வெச்சுப் பார்க்கணுமான்னு கையேட்டுல பாருங்க. வண்டிக்கு வண்டி வேற. கிளட்ச் ஆயில்லயே மூழ்கியிருக்கற பைக்னா கார் ஆயில் ஊத்தாதீங்க. உராய்வு குறைக்கற சேர்மானத்தால கிளட்ச் வழுக்கும். டப்பாவுல ஜப்பான் தரக்குறியான ஜேஏஎஸ்ஓ எம்ஏ இல்லேன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். எம்பி உலர் கிளட்ச் இருக்கற ஸ்கூட்டருக்கு.

நீலவண்டி:
மாற்றிவிட்டேன். கையேட்டில் ஃபில்டரோடு 4.5 லிட்டர். வடித்ததை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தேன்: 4.7 லிட்டருக்கு மேல். ஊற்றவேண்டியதைவிட வந்தது அதிகம். மசகு_விரும்பி போட்ட கணக்கு சரி. காந்தம் இல்லாத போல்ட். ஆயிலில் சில்லு எதுவும் தெரியவில்லை. ஃபில்டர் காகித வகை, மூடியிலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருந்தது. இப்போது அளவு மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே.

பழைய ஆயிலை என்ன செய்வது?

மசகு_விரும்பி:
புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாது. ஃபில்டரையும் வடியவிட்டு அதோடு கொடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ வேண்டவே வேண்டாம். ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல நீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

இன்னொன்று, டாஷ்போர்டில் ஆயில் கணக்கை ரீசெட் செய்யுங்கள். சில வண்டிகள் டிபிஎஃப் எரிப்பையும் கணக்கில் சேர்த்து ஆயில் ஆயுளைக் கழிக்கும். ரீசெட் செய்யாவிட்டால் பழைய கணக்கே ஓடும். அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் போய் வாருங்கள். ஐட்லிங் வேகம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து, அணைத்த பிறகும் விசிறி சுற்றினால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் அணைக்க வேண்டாம்.

நீலவண்டி:
சில வாரம் கழித்து எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் போய் வந்தேன், பலமுறை. ஆனாலும் குச்சியில் லேசாக ஏறுகிறது. இப்போது மேல் கோட்டைத் தொட்டு நிற்கிறது. நீண்ட ஓட்டத்திலும் ஏன்?

நெம்புகோல்:
இன்ஜெக்டர் ஒழுகுது. வேற என்ன இருக்க முடியும்? கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல போடச் சொல்லுங்க.

பட்டறைக்காரர்:
இன்ஜெக்டராவும் இருக்கலாம். டிபிஎஃப் அழுத்த வேறுபாட்டு சென்சாரும் தப்பாச் சொல்லலாம். ஆனா அதையெல்லாம் கழட்டறதுக்கு முன்னாடி செலவில்லாத ஒரு கேள்வி. நெடுஞ்சாலையில போறப்போ டெம்பரேச்சர் முள் எங்க நிக்குது?

நீலவண்டி:
நகரத்தில் நடுவுக்கு வருகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால், முக்கியமாக இறக்கத்தில், நடுவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வண்டி சூடாகவில்லை, நல்லதுதான் என்று எண்ணியிருந்தேன்.

பட்டறைக்காரர்:
அதுதான் விஷயம். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போற வழியைத் திறந்து மூடற தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிச்சு. காத்து நல்லா அடிக்கறப்போ ரேடியேட்டர் எல்லாச் சூட்டையும் எடுத்துடுது. இஞ்சின் தேவையான சூட்டுக்கு வரலேன்னா டிபிஎஃப் எரிப்பு ஒழுங்காத் தொடங்காது, தொடங்கினாலும் ஒழுங்கா முடியாது. குளிர்ந்த சிலிண்டர்ல டீசலும் அதிகமா இறங்கும். ஸ்கேனர் கிடைச்சா கூலன்ட் வெப்பத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்குங்க. நெடுஞ்சாலையில 70, 75லயே நின்னா தெர்மோஸ்டாட்டை மாத்துங்க. மாத்தறப்போ கூலன்ட்ல காத்து தங்காம ப்ளீட் பண்ணணும். அதை மட்டும் தெரிஞ்சவங்க கிட்ட விடுங்க.

மசகு_விரும்பி:
அருமை ஐயா. நானும் டிபிஎஃப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலவண்டி:
ஸ்கேனரில் பார்த்தேன். நெடுஞ்சாலையில் 68 முதல் 72 வரைதான். தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. இப்போது 88ஐ விட்டு அசையவில்லை. கலந்த ஆயிலை வைத்திருக்க மனம் வரவில்லை, அதையும் மறுபடி மாற்றிவிட்டேன். இந்த முறை எல்லாம் பாதி நேரத்தில் முடிந்தது. அன்றிலிருந்து குச்சியில் அளவு அதே இடத்தில் நிற்கிறது, டீசல் வாடையும் இல்லை. அளவையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எவ்வளவு இடைவெளியில் பார்த்தால் போதும்?

பட்டறைக்காரர்:
இப்போதைக்கு டீசல் போடற ஒவ்வொரு தடவையும். அளவு நிலையா நிக்குதுன்னு தெரிஞ்சதும் மாசத்துக்கு ஒரு தடவை, தூரப் பயணத்துக்கு முன்னாடி ஒரு தடவை. கையேட்டுல கடுமையான பயன்பாடுன்னு தனியா ஒரு அட்டவணை இருக்கும். குறைஞ்ச தூரம் ஓட்டறது அதுலதான் வரும். அடுத்த ஆயில் மாத்தத்துக்கு அந்தக் கிலோமீட்டரை எடுத்துக்குங்க. கிலோமீட்டர் ஆகலேன்னாலும் வருஷம் ஒண்ணு ஆனா மாத்திடுங்க.